“நல்லா இருக்கா?” என்று மட்டும் கேட்காதீர்கள் – லோகோ, பெயர், விசிட்டிங் கார்டு: வாசகர் கேள்விகள்

கேள்வி: மூன்று வருடமாக இன்னொருவர் ஸ்டுடியோவுக்காகக் கல்யாண போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன். இப்போது சொந்தப் பெயரில் இறங்கப்போகிறேன். லோகோ நானே போட்டேன்: கேமரா லென்ஸ், அதற்குள் என் இனிஷியல், சுற்றி ஒரு மாலை. குடும்ப வாட்ஸாப் குரூப்பில் போட்டு ‘நல்லா இருக்கா, சொல்லுங்க’ என்றேன். மாமா சிவப்பு வேண்டும் என்கிறார். அத்தை மகள் ‘இன்னும் சிம்பிளா வேணும்’ என்கிறாள். நண்பன் லென்ஸே வேண்டாம் என்கிறான். ஆறு முறை மாற்றியாயிற்று, இப்போது எனக்கே அது பிடிக்கவில்லை. யார் பேச்சைக் கேட்பது?
– புகைப்படக்காரர், கும்பகோணம்

பதில்: தம்பி, நீங்கள் கேட்ட கேள்வியில்தான் கோளாறு. ‘நல்லா இருக்கா?’ என்று கேட்டால் பாசமுள்ளவர்கள் ‘சூப்பர்’ என்பார்கள். மீதிப் பேர், கேட்டுவிட்டானே, ஏதாவது சொல்லியாக வேண்டுமே என்று ஒரு குறையைத் தேடிப் பிடிப்பார்கள். பந்தியில் சாம்பார் எப்படி என்று கேட்டால், அதுவரை ருசித்துச் சாப்பிட்டவர் திடீரென்று உப்பு ஒரு கல் கம்மி என்பாரே, அந்தக் கதைதான். மாமாவுக்குச் சிவப்பு பிடிக்கும் என்பது மாமாவைப் பற்றிய சேதி. அதை வைத்துக்கொண்டு லோகோவை என்ன செய்வது?

வேறு மாதிரி கேட்டுப் பாருங்கள். அடுத்த வருடம் வீட்டில் கல்யாணம் வைத்திருக்கிற ஒருவரைப் பிடித்து, ஃபோனில் உங்கள் லோகோவை ஐந்து விநாடி காட்டிவிட்டு, ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிடுங்கள். அப்புறம் மூன்றே கேள்வி. என்ன பேர் போட்டிருந்தது? இவர் என்ன வேலை பார்க்கிறவர்? ஒரு கல்யாணத்துக்கு எவ்வளவு கேட்பார் என்று தோன்றுகிறது? மூன்றாவது கேள்விதான் முக்கியம். ஒருவருக்கு நான் கறுப்பு அட்டையில் தங்க நிற எழுத்து வைத்து கார்டு போட்டுக் கொடுத்தேன், எனக்கு ஒரே பெருமை. அவர் கேட்பது 35,000 ரூபாய். கார்டைப் பார்த்தவர்களோ ‘இவர் ஒரு லட்சம் கேட்பாரே’ என்று நினைத்துக்கொண்டு ஃபோனே பண்ணவில்லை. அழகாகத்தான் இருந்தது, என்ன செய்ய. மறுபடி வெள்ளை அட்டையில் போட்டோம், என் செலவில்.

யாரிடம் கேட்பது என்றால், உங்களுக்கு வேலை கொடுக்கக்கூடியவர்களிடமும் ஏற்கெனவே கொடுத்தவர்களிடமும் கேளுங்கள். அதில் கண்ணாடி போட்ட பெரியவர் ஒருவராவது இருக்க வேண்டும், ஏனென்றால் பல வீடுகளில் போட்டோக்காரருக்கு முன்பணம் கொடுப்பவர் பெண்ணின் அப்பாதான். அவர் கார்டைக் கையை நீட்டிப் பிடித்து, ட்யூப்லைட் பக்கம் திருப்பி, கண்ணைச் சுருக்கினார் என்றால் நீங்கள் எதுவும் கேட்க வேண்டியதில்லை, எழுத்தைப் பெரிதாக்குங்கள். மற்ற போட்டோக்காரர்களிடம் கடைசியில் காட்டினால் போதும். குடும்ப குரூப்பில் காட்டவே வேண்டாம்.

வருகிற பேச்சையெல்லாம் ஒரு நோட்டில், யார் சொன்னது என்று பக்கத்திலேயே போட்டு எழுதி வையுங்கள். ‘படிக்க முடியல’, ‘கேமரா ரிப்பேர் கடைன்னு நினைச்சேன்’ இந்த மாதிரி வந்தால் உடனே காது கொடுங்கள். ‘நீலத்துல இருந்தா நல்லா இருக்கும்’ என்றால் நன்றி சொல்லிவிட்டு டீயை வாங்கிக் கொடுத்து அனுப்புங்கள். ஏழு பேரில் மூன்று பேர் ஒரே இடத்தில் தடுமாறினால் அந்த இடத்தை மட்டும் மாற்றுங்கள். ஒரே ஒருவர் சொன்னது நோட்டில் இருக்கட்டும். நீங்கள் ஆறு முறையும் நிறம், எழுத்து, படம் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எதனால் தேறியது, எதனால் கெட்டது என்று பிறகு எப்படித் தெரியும்?

லோகோவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். லென்ஸை எடுத்துவிடுங்கள், நண்பன் சொன்னது சரி. எந்தத் தெருவில் திரும்பினாலும் போட்டோக்காரர் போர்டில் ஒரு லென்ஸ் முழிக்கிறது. மாலையும் நிற்காது. வாட்ஸாப் டிபி வட்டமாகத்தான் தெரியும், சாட் வரிசையில் அது கட்டைவிரல் நகம் அளவுதான், அந்த அளவில் மாலை பார்க்க இட்லிமேல் எறும்பு ஏறிய மாதிரி இருக்கும். ஜெராக்ஸ் கடைக்குப் போய்க் கறுப்பு வெள்ளையில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குச் சுருக்கி ஒரு காப்பி எடுத்துப் பாருங்கள், ஒரு ரூபாயோ இரண்டு ரூபாயோ ஆகும். அதில் மிஞ்சுவதை வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது, யாரும் செய்வதில்லை. நீங்கள் ஏற்கெனவே எடுத்துக் கொடுத்த நாலு வீட்டுக்கு ஃபோன் போட்டு, ‘பக்கத்து வீட்ல என்னைப் பத்திச் சொன்னா எப்படிச் சொல்வீங்க?’ என்று கேளுங்கள். ‘தாலி கட்டுறப்ப நம்மள மறைக்காம ஓரமா நின்னு எடுத்த தம்பி’ என்று ஒரு அம்மா சொன்னால், அதுதான் உங்கள் அடையாளம், உங்களுக்கு முன்னாலேயே அவர்கள் எழுதி முடித்துவிட்டார்கள். எழுத்து அமைதியாக இருக்க வேண்டுமா, ஆர்ப்பாட்டமாக இருக்க வேண்டுமா, இன்ஸ்டாகிராமில் எந்தப் படத்தை முதலில் வைப்பது எல்லாம் அதிலிருந்துதான் வரும்.

உங்களுக்கே பிடிக்கவில்லை என்கிறீர்களே, அதற்குக் கலங்க வேண்டாம். 1971இல் கரோலின் டேவிட்சன் என்ற மாணவி நைக்கி ஷூ கம்பெனிக்கு அந்த வளைவுக் குறியை வரைந்து 35 டாலர் வாங்கினார். நிறுவனர்களில் ஒருவரான ஃபில் நைட்டுக்கு அப்போது அது பெரிதாகப் பிடிக்கவில்லை. பார்க்கப் பார்க்கத்தான் பிடித்தது.

கேள்வி: வீட்டிலேயே கேக் செய்து விற்கிறேன். என் பெயரிலேயே பிராண்ட். நியூமராலஜி பார்ப்பவர் ஆங்கில ஸ்பெல்லிங்கில் நடுவில் இன்னொரு ‘ஏ’, கடைசியில் ஒரு ‘ஹெச்’ சேர்க்கச் சொல்கிறார். மாமியாரும் அதையே பிடித்துக்கொண்டிருக்கிறார். சேர்க்கலாமா?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: மாமியாரோடு என்னை மோதவிடாதீர்கள். ஒரு சோதனை மட்டும் சொல்கிறேன். வேறு ஊரில் இருக்கிற தோழிக்கு ஃபோன் போட்டு, உங்கள் இன்ஸ்டாகிராம் பெயரை வாயால் ஒரே ஒரு முறை சொல்லி, அவரைத் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். ‘ரெண்டு ஏ, கடைசியில ஹெச், நடுவுல அண்டர்ஸ்கோர்’ என்று விளக்கம் கொடுக்கவே கூடாது. பிறந்தநாள் விழாவில் உங்கள் கேக்கைச் சாப்பிட்ட ஒருவர் இன்னொருவரிடம் உங்களைப் பற்றி அப்படித்தான் சொல்லப்போகிறார், வாயால், இரைச்சலுக்கு நடுவில். ஐந்து தோழிகளில் நாலு பேர் கண்டுபிடித்துவிட்டால் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். கண்டுபிடிக்க முடியாவிட்டால் ஒரு சமாதானம் இருக்கிறது: அதிர்ஷ்ட ஸ்பெல்லிங்கைக் கையெழுத்தில் வைத்துக்கொண்டு, பெட்டியிலும் இன்ஸ்டாகிராமில் மேலே தெரிகிற பெயரிலும் தமிழில் போடுங்கள் (அங்கே @ போட்டு வருகிற யூசர்நேமுக்கு ஆங்கில எழுத்துதான், அதில் பழைய ஸ்பெல்லிங்கே இருக்கட்டும்). தமிழ் எழுத்தில் கூட்டல் கழித்தல் பார்க்க மாமியார் இன்னும் ஆளைத் தேடவில்லை என்று நம்புகிறேன்.

கேள்வி: பரதநாட்டியம் சொல்லிக் கொடுக்கிறேன். பள்ளியின் பெயரைத் தமிழ் எழுத்திலேயே லோகோவாக வைக்க ஆசை. டிசைனர் ‘தமிழ்ல போட்டா லுக் வராது மேடம்’ என்கிறார். உண்மையா?
– நடன ஆசிரியை, தஞ்சாவூர்

பதில்: லுக் வராதது அவருடைய ஃபாண்ட் பட்டியலால் இருக்கலாம். கம்ப்யூட்டரோடு வந்ததையும் பத்து வருடத்துக்கு முன் யாரோ சிடியில் கொடுத்ததையும் வைத்தே பல கடைகளில் காலம் ஓடுகிறது. இன்றைக்கு முக்தா மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரான், பாலூ தம்பி என்று கூகுள் ஃபாண்ட்ஸில் நல்ல தமிழ் எழுத்துருக்கள் இலவசமாகவே கிடைக்கின்றன, தொழிலுக்கும் பயன்படுத்தலாம். பாலூ தம்பி கொழுகொழுவென்று இருக்கும், குழந்தைகள் வகுப்பு என்றால் பொருந்தும், அரங்கேற்றப் பத்திரிகைக்கு ஆகாது. ஒன்றில் உங்கள் பள்ளிப் பெயரைப் போட்டு, ஒரு எழுத்தை மட்டும், சுழியையோ கொம்பையோ, கையால் வரைந்து மாற்றச் சொல்லுங்கள். அதுவே லோகோவாகிவிடும். தனியாகச் சலங்கை, முத்திரை, தஞ்சைப் பெரிய கோயில் கோபுரம் எதுவும் தேவைப்படாது (கோபுரத்தை உங்கள் ஊரில் எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள் என்று ஒரு தெரு நடந்து எண்ணிப் பாருங்கள்).

ஆனால் தமிழில் போடும்போது மட்டும் வருகிற சில தொல்லைகள் உண்டு. ‘கி’, ‘கீ’ மேலே ஏறும், ‘பு’, ‘சு’ கீழே இறங்கும், அதனால் இரண்டு வரியாகப் பெயர் வைத்தால் மேல் வரியில் கீழே இறங்குவதும் கீழ் வரியில் மேலே ஏறுவதும் முட்டிக்கொள்ளும். ஆங்கிலத்துக்கு விடுவதைவிட வரி இடைவெளி கூடவே விடச் சொல்லுங்கள். அப்புறம் புள்ளி. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மெஸ்ஸுக்கு ஸ்க்ரீன் பிரிண்டிங்கில் ஆயிரம் கார்டு போட்டோம், மெல்லிய எழுத்து, சின்ன அளவு, ‘மெஸ்’ஸில் இருந்த புள்ளி மொத்தமாக உதிர்ந்து ஆயிரம் கார்டிலும் ‘மெஸ’ என்று வந்தது. முதலாளி என்னை உட்காரவைத்து, கறுப்பு ஸ்கெட்ச் பேனாவைக் கொடுத்து, ஆயிரம் புள்ளி வைக்கச் சொன்னார். வைத்தேன். அன்றிலிருந்து தமிழ் லோகோ என்றால் முதலில் புள்ளியைத்தான் பார்ப்பேன், அது எழுத்தின் கோட்டுக்குச் சமமான பருமனில் இல்லையென்றால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

பிரஸ்ஸுக்கு அனுப்பும்போது எழுத்தையெல்லாம் ‘கர்வ்ஸ்’ ஆக்கி, அதாவது ஃபாண்ட் தேவைப்படாத வெறும் கோட்டு வடிவமாக மாற்றி, அனுப்பச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அங்கே அந்த ஃபாண்ட் இருக்காது, அவர்கள் கோரல் டிரா என்ற டிசைன் சாஃப்ட்வேரில் திறந்ததும் உங்கள் பள்ளிப் பெயர் கட்டம் கட்டமாக வந்து நிற்கும்.

இன்னொன்று, வரைந்து முடித்ததும் உங்கள் மாணவி ஒருத்தியிடம் காட்டி, மறைத்துவிட்டு, சாக்பீஸால் தரையில் வரையச் சொல்லுங்கள், வரைய வந்தால் மனதில் நின்றுவிட்டது என்று அர்த்தம். 2010இல் வந்த ரூபாய்க் குறியை இன்றைக்கு மளிகைக் கடைக்காரர் பில்லில் பேனாவால் ஒரு இழுப்பில் போட்டுவிடுகிறார். அதை வடிவமைத்த உதயகுமார் தமிழ் எழுத்துருவியலில் ஆராய்ச்சி செய்தவர்தான், உங்கள் டிசைனரிடம் போகிறபோக்கில் சொல்லிவையுங்கள்.

கேள்வி: ஃபோனில் பளிச்சென்று இருந்த பச்சை, கார்டில் அச்சானதும் பாசி மாதிரி வந்திருக்கிறது. பிரஸ்காரர் ஏமாற்றிவிட்டாரா?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: பாவம், அவர்மேல் பழி போடாதீர்கள். திரை வெளிச்சத்தால் நிறம் காட்டுகிறது, அச்சு நாலு மையால் காட்டுகிறது. பளபளக்கிற பச்சை, மின்னுகிற நீலம், நியான் ரகமெல்லாம் அந்த நாலு மைக்குள் அடங்காது. டிசைனரை ஆரம்பத்திலேயே சிஎம்ஒய்கே முறையில் (சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு, இதுதான் அந்த நாலு மை) நிறம் தேர்ந்தெடுக்கச் சொல்லி, அந்த நாலு எண்ணையும் ஒரு தாளில் எழுதி வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த முறை வேறு பிரஸ்ஸுக்குப் போனாலும் பக்கத்து நிறமாவது வரும். கார்டுமேல் பளபளப்பில்லாத மெல்லிய பிளாஸ்டிக் உறை, மேட் லேமினேஷன், போட்டால் இன்னும் கொஞ்சம் மங்கும், மாதிரி பார்த்துவிட்டு முழு ஆர்டர் கொடுங்கள்.

கேள்வி: ஒன்பது வருடமாக யோகா வகுப்பு நடத்துகிறேன். காவி நிற வட்டத்துக்குள் தாமரை, அதுதான் என் லோகோ. கல்லூரியில் படிக்கும் மகள் ‘பழசா இருக்கும்மா’ என்று புதிதாக ஒன்று வரைந்திருக்கிறாள். அழகாகத்தான் இருக்கிறது. மாற்றிவிடலாமா?
– யோகா ஆசிரியை, திருச்சி

பதில்: பழசாக இருக்கிறது என்று சொன்னது மகள். வகுப்புக்கு வருகிறவர்கள் யாராவது சொன்னார்களா? நீங்கள் தினமும் பார்ப்பதால் உங்களுக்கு அலுத்துப்போகும், வருடத்துக்கு நாலு முறை பார்க்கிறவருக்கு இப்போதுதான் மனதில் பதிந்திருக்கும்.

அமெரிக்காவில் டிராபிகானா என்ற ஆரஞ்சு ஜூஸ். பெட்டிமேல் ஸ்ட்ரா குத்திய ஒரு ஆரஞ்சுப் பழம் இருக்கும். 2009 ஜனவரியில் அதை எடுத்துவிட்டு ஒரு கண்ணாடி டம்ளர் ஜூஸை வைத்துப் பெட்டியை மாற்றினார்கள். இரண்டு மாதம்கூட ஆகவில்லை, விற்பனை சுமார் 20 சதவீதம் விழுந்தது, பழைய பெட்டிக்கே திரும்பினார்கள். உள்ளே இருந்த ஜூஸ் அதேதான். அடுத்த வருடம் அக்டோபரில் கேப் என்ற துணிக் கம்பெனி நீலச் சதுர லோகோவை மாற்றியது, வாடிக்கையாளர்கள் போட்ட சத்தத்தில் ஒரே வாரத்தில் பழையது திரும்பி வந்தது. அவ்வளவு பெரிய கம்பெனிகளே கேட்க வேண்டிய ஆளை முன்னால் கேட்காமல் பின்னால் கேட்டுக்கொண்டார்கள்.

நீங்கள் இப்படிச் செய்யுங்கள். வகுப்பு முடிந்து பாயைச் சுருட்டும் நேரத்தில் பத்துப் பேரிடம் ஒரு துண்டுத் தாளைக் கொடுத்து, நினைவிலிருந்து உங்கள் லோகோவை வரையச் சொல்லுங்கள். அத்தனை பேரும் காவி வட்டம் போட்டு, தாமரையில் பாதிப் பேர் தடுமாறினால், வட்டத்தையும் காவியையும் தொடாதீர்கள், தாமரையை மட்டும் மகள் கையில் கொடுங்கள். இதழ் எண்ணிக்கையைக் குறைத்து, கோட்டைத் தடிமனாக்கி, எழுத்தைத் திருத்தித் தரட்டும். பழைய ஆட்களுக்கு மாறியதே தெரியாது, புதியவர்களுக்குப் பழசாகவும் தெரியாது. மகள் வரைந்ததைத் தூக்கிப் போட வேண்டாம், அந்தப் பெண் நாளைக்கு இதே தொழிலுக்கு வந்தாலும் வரலாம்.

கேள்வி: புதிதாகப் பதிவு செய்த வழக்கறிஞர் நான். லோகோ, இன்ஸ்டாகிராம் ரீல்ஸ், ‘ஜெயிக்க வைக்கும் வக்கீல்’ என்று ஒரு டேக் லைன், எல்லாம் தயார். உங்கள் கருத்து?
– இளம் வழக்கறிஞர், திருநெல்வேலி

பதில்: டேக் லைனை முதலில் அழியுங்கள். வழக்கறிஞர்களுக்கு நடத்தை விதி வகுக்கிற பார் கவுன்சில் ஆஃப் இந்தியாவின் விதி 36 உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். வழக்கறிஞர் நேராகவோ மறைமுகமாகவோ விளம்பரம் செய்து வழக்குத் தேடக் கூடாது, பெயர்ப் பலகைகூட நியாயமான அளவில்தான் இருக்க வேண்டும். 2008க்குப் பிறகு சொந்த இணையதளம் வைத்துக்கொள்ளலாம், அதிலும் பெயர், முகவரி, பதிவு எண், படிப்பு, எந்த வகை வழக்குகள் என்கிற அளவோடு சரி. 2024இல் சென்னை உயர் நீதிமன்றமும் ஆன்லைனில் வக்கீல் விளம்பரம் போடுவதைக் கடுமையாகவே கண்டித்தது.

ஆனால் விளம்பரம் கூடாது என்பதால் அடையாளமே கூடாது என்று அர்த்தமில்லை. நல்ல தாளில் சுத்தமான லெட்டர்ஹெட், படிக்கிற மாதிரி அச்சான நோட்டீஸ், பக்க எண் ஒழுங்காகப் போட்டுத் தைத்த வழக்குக் கட்டு, சொன்ன நேரத்துக்குத் திருப்பிக் கூப்பிடுவது. சீனியரிடமும் கோர்ட் எழுத்தரிடமும் ‘என் வழக்குக் கட்டுக்குள் எதைத் தேட வேண்டியிருக்கிறது?’ என்று கேளுங்கள், அவர்கள் சொல்வதைப் போல உருப்படியான கருத்து எந்த ரீல்ஸ் கமெண்ட்டிலும் வராது. டாக்டர்களுக்கும் ஆடிட்டர்களுக்கும் இதேபோல அவரவர் கவுன்சில் விதி உண்டு, அவர்களும் டேக் லைனுக்கு முன் அதைப் படித்துவிடுவது நல்லது.

கேள்வி: மணப்பெண் அலங்காரம் செய்கிறேன். கேன்வா என்ற டிசைன் ஆப்பில் ஒரு பெண் முகம் எடுத்து லோகோ செய்தேன். அதே முகத்தை பல்லடத்தில் இன்னொருவர் வைத்திருக்கிறார்! டிரேட்மார்க் வாங்கி அவரைத் தடுக்க முடியுமா?
– அலங்கார நிபுணர், திருப்பூர்

பதில்: முடியாது. அந்தப் படம் உங்களுக்கும் சொந்தமில்லை, அவருக்கும் இல்லை, யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், அதனால்தான் அவரும் எடுத்திருக்கிறார். அதை டிரேட்மார்க்காகப் பதிய கேன்வாவின் விதியே இடம் கொடுக்காது. அந்த முகத்தை விட்டுவிட்டு உங்கள் பெயரை யாரிடமாவது எழுத்தாக வரைந்து வாங்குங்கள், அது யாரிடமும் இருக்காது. அதைப் பதியலாம்: பொருள், சேவைகளை வகுப்பு வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள், தனிநபர் ஆன்லைனில் விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய் அரசுக் கட்டணம், அழகுக்கலைச் சேவை 44ஆம் வகுப்பில் வரும், பதிவாகிவிட்டால் 10 வருடத்துக்குச் செல்லும், அப்புறம் புதுப்பிக்கலாம். விண்ணப்பிக்கும் முன் அரசு இணையதளத்தில் அதே பெயர் இருக்கிறதா என்று இலவசமாகவே தேடிப் பார்த்துவிடுங்கள். பதிவாகும் முன்பே, பதிவானது என்று காட்டுகிற வட்டத்துக்குள் ‘ஆர்’ குறியைப் போட்டுக்கொள்ளாதீர்கள், அது சட்டப்படி குற்றம். டிரேட்மார்க் என்பதன் சுருக்கமான ‘டிஎம்’ போடலாம்.

கேள்வி: சொந்தமாகத் தையல் கடை போடுகிறேன். லோகோ, கார்டு, போர்டு எல்லாவற்றுக்கும் சேர்த்து எவ்வளவு ஒதுக்கலாம்?
– தையல்காரர், நாகர்கோவில்

பதில்: முதல் முறை ஆயிரம் கார்டு அடிக்காதீர்கள். ஆயிரமாக அடித்தால் ஒன்றின் விலை குறைவு என்று பிரஸ்காரர் சொல்வார், உண்மைதான், ஆனால் பத்து பேர் பார்த்ததும் நம்பர் சின்னதாக இருக்கிறது, ‘லேடீஸ் டெய்லர்’ என்று போடவில்லையே என்று ஏதாவது வரத்தான் செய்யும், அப்போது மீதி 990ஐ என்ன செய்வீர்கள்? டிஜிட்டல் பிரிண்டில் நூறு கார்டு போதும். அது தீர்வதற்குள் என்னென்ன மாற்ற வேண்டும் என்று தெரிந்துவிடும். போர்டுக்கு ஃப்ளெக்ஸ்தான், மழையிலும் வெயிலிலும் சீக்கிரமே வெளுக்கும், வெளுக்கட்டும், அதற்குள் பெயர் பழகியிருக்கும், அடுத்ததை நல்லதாகப் போடலாம். மிச்சப் பணத்தில் தைத்துக் கொடுக்கிற ஒவ்வொரு ரவிக்கையின் உள் கழுத்திலும் வைக்கச் சின்னத் துணி லேபிள் நெய்து வாங்குங்கள். துவைத்துக் காயப்போடும்போது பக்கத்து வீட்டம்மா அதைத்தான் திருப்பிப் பார்ப்பார்.